உள்நாட்டு ஜிப் தொழிலாகிய நான்

நம் நாட்டில் ஜிப் தயாரிக்கும் தொழில் ஒன்று இருக்கிறது என்பது ஜிப் கடைக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அந்தத் தொழில் நான்தான் என்பது அரசாங்கம் சொல்லித் தெரிந்தது. இரண்டையுமே என் மனைவி இன்றுவரை நம்பவில்லை.

நான் பை தைக்கிறவன். வாடகைக்கு ஒரு நீள அறை, அதில் நாலு தையல் மிஷின், நடுவில் ஒரு வெட்டுமேசை. நானும் மனைவியும் மச்சினனும் தைக்கிறோம். வேலை அதிகமானால் இரண்டு பெண்கள் கூலிக்கு வருவார்கள். வருஷத்துக்கு எங்களுக்குப் பெரிய ஆர்டர் என்று ஒன்றே ஒன்றுதான். பள்ளிக்கூடம் திறக்கும் நாளில் பிள்ளைகளுக்கெல்லாம் புத்தகப் பை கொடுக்க வேண்டும். அந்த ஆர்டர் போனால் அறையைக் காலி செய்துவிட்டு நானும் மச்சினனும் யார் கடையிலாவது போய் நிற்க வேண்டியதுதான். தலைமையாசிரியை கண்டிப்பானவர். "வெளிநாட்டுப் பை உங்க விலையில பாதிக்குக் கிடைக்குது. ஒரு மழைக்குத் தாங்காதுன்னுதான் உங்ககிட்ட வர்றேன். நாள் தவறினா அதையே வாங்கிடுவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் ஆர்டரே கொடுத்தார்.

துணி வெட்டியாகிவிட்டது, வார் வந்துவிட்டது. ஜிப் வாங்கப் போனேன்.

"ஜிப் இருக்கு. ஆனா நீங்க வாங்க மாட்டீங்க" என்றார் கடைக்காரர். விலையைச் சொன்னார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"வெளியிலேர்ந்து வர்ற ஜிப்புக்கு வரி போட்டுட்டாங்க. இந்த விலைக்கு வித்தா என் பொண்டாட்டியே என்னைத் திருடன்னு சொல்லுவா. அதனால புதுசா எதுவும் எடுக்கறதில்லை."

"எதுக்கு வரியாம்?"

"உள்நாட்டு ஜிப் தொழிலைக் காப்பாத்த."

"அது எங்க இருக்கு?"

"நானும் தலை நரைக்கிற வரைக்கும் ஜிப்தான் விக்கறேன். கண்ணால பார்த்ததில்லை. கூச்ச சுபாவமா இருக்கும்போல."

வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். மச்சினன் நாளிதழ் படிக்கிறவன். அதனால் எல்லாவற்றுக்கும் இரண்டு பக்கம் உண்டு என்று நம்புகிறவன். "பொருளாதார நிபுணருங்க சொல்றாங்கன்னா அதுல ஒரு காரணம் இருக்கும் மாமா" என்றான்.

"காரணம் இருக்காம பின்ன? காரணம் சொல்றதுக்குத்தானே அவங்களுக்குச் சம்பளம்" என்றாள் மனைவி. பிறகு என்னைப் பார்த்தாள். "நீங்க நேரா போய்க் கேளுங்க. அந்த உள்நாட்டு ஜிப்பு எங்க செய்யறாங்கன்னு சொல்லட்டும். அங்கயே வாங்கிட்டு வந்துடலாம். வேலை முடிஞ்சுது."

கேட்க எவ்வளவு எளிதாக இருந்தது! நானும் கிளம்பிவிட்டேன்.

இறக்குமதித் தீர்வை ஆலோசனை வாரியம் என்று பலகை போட்ட கட்டடம் அது. வாசலில் இரண்டு பெஞ்சுகள். வரியை ஏற்றச் சொல்லி வந்தவர்கள் இடது பெஞ்சில் உட்கார வேண்டும், இறக்கச் சொல்லி வந்தவர்கள் வலது பெஞ்சில். காவலாளி என்னிடம், "ஏத்தவா, இறக்கவா?" என்றார்.

"ஒரு விவரம் கேக்கணும்."

"அதுக்கு பெஞ்சு இல்லையே" என்று கவலைப்பட்டார். நல்ல மனுஷன். என்னை நடுவில் நிற்கவைத்துவிட்டு உள்ளே போய் யோசனை கேட்டு வந்தார். இதுவரை அப்படி யாரும் வந்ததில்லையாம்.

உள்ளே நீள மேசை. நடுவில் தலைவர். அவர் வாழ்நாளில் எதைப் பற்றியும் ஒரு கருத்தும் சொன்னதில்லை, அதனாலேயே தலைவர் ஆனவர். அவருக்கு இடப்பக்கம் வரி வேண்டும் என்கிற நிபுணர், வலப்பக்கம் வரியே கூடாது என்கிற நிபுணர். இருவருக்கும் என் மனைவி பின்னால் வைத்த பெயர்கள் தாழ்ப்பாள், திறந்தவாசல். சௌகரியத்துக்காக இப்போதே அப்படிச் சொல்லிவிடுகிறேன். அந்த மண்டபத்தில் எல்லோரும் அச்சடித்த தமிழில்தான் பேசுவார்கள். தும்மினால் மட்டும் நம்மைப்போலத் தும்முவார்கள்.

"ஐயா, உள்நாட்டு ஜிப் எங்க செய்யறாங்கன்னு சொன்னீங்கன்னா, நான் அங்கயே போய் வாங்கிக்கறேன்" என்றேன்.



"தொழில் இருக்கிறதா என்பது வேறொரு துறையின் கேள்வி" என்றார் தாழ்ப்பாள். "அது காக்கப்பட வேண்டுமா என்பதே எங்கள் கேள்வி. வேண்டும் என்பதே எங்கள் விடை."

நான் திறந்தவாசலைப் பார்த்தேன். அவர் அன்பாகத் தலையசைத்தார். "இந்த வரியை எதிர்த்து நான் மூன்று தொகுதிகள் எழுதியிருக்கிறேன்."

"அதுல ஜிப் தொழிலே இல்லைன்னு எழுதினீங்களா சார்?"

"இல்லை. இருந்தாலும் வரி கூடாது என்று எழுதினேன். இருக்கிறதா என்று போய்ப் பார்ப்பது ஆராய்ச்சி ஆகாது. அது அலைச்சல்."

தலைவரின் முகம் மட்டும் வெளுத்தது. விஷயம் வெளியே தெரிந்தால் நிபுணர்கள்மேல் மக்களுக்கு இருக்கும் நம்பிக்கை போய்விடும் என்றார். அந்த நம்பிக்கை ஏற்கெனவே மெலிந்துதான் கிடந்தது. அதை அளந்து பார்க்க வாரியம் ஒரு கணக்கெடுப்பு நடத்தியிருந்தது. முடிவு படுமோசம். ஆனால் கணக்கெடுத்தவர்களும் பொருளாதார நிபுணர்கள் என்பதால் அந்த முடிவை நம்ப வேண்டியதில்லை என்று வாரியம் ஏகமனதாகத் தீர்மானித்துவிட்டது.

தலைவர் குமாஸ்தாவைக் கூப்பிட்டார். "ஜிப் தொடர்பாக இந்த வாரியத்துக்கு இதுவரை வந்தவர்கள் யார் யார்?"

"இவர் ஒருத்தர்தான் சார்" என்று குமாஸ்தா என்னைக் காட்டினார்.

மூவரும் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். பிறகு எழுந்து நின்றார்கள். மூன்று பெரிய மனிதர்கள் எனக்காக எழுந்து நின்றது அதுதான் முதல் தடவை. என் சட்டையில் ஏதோ ஒட்டியிருக்கிறது என்று நினைத்துத் தட்டிக்கொண்டேன்.

"உள்நாட்டு ஜிப் தொழிலை இந்த வாரியம் வரவேற்கிறது" என்றார் தலைவர்.

"ஐயா, நான் ஜிப்பை வச்சுத் தைக்கிறவன். செய்யறவன் இல்லை."

"இன்னும் செய்யாதவர்" என்று தாழ்ப்பாள் திருத்தினார். குரல் தழுதழுத்தது. "இதைத்தான் நாங்கள் குழந்தைத் தொழில் என்கிறோம். நடக்கப் பழகும்வரை கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்."

எனக்கு முன்தலை முழுக்க வழுக்கை. மூட்டுவலி வேறு. இருந்தாலும் யாரோ கையைப் பிடித்துக்கொள்கிறேன் என்று சொன்னதும் கண் கலங்கிவிட்டது. பொய் சொல்வானேன். சட்டைப்பையில் ஒரு பித்தளை வில்லை குத்திவிட்டார்கள். 'உள்நாட்டு ஜிப் தொழில்' என்று எழுதியிருந்தது.

நான் விடவில்லை. "அப்படின்னா இந்தத் தொழிலுக்குக் கொஞ்சம் ஜிப் வேணும் சார். வரி இல்லாம வெளியிலேர்ந்து எடுத்துக்கலாமா?"

தாழ்ப்பாள் அதிர்ந்து போனார். "உங்களை அழிக்க வரும் பொருளை உங்களுக்கே கொடுப்பதா? உங்களை உங்களிடமிருந்தும் காப்பாற்றுவது எங்கள் கடமை."

திறந்தவாசல் என்னைத் தனியாக ஜன்னலோரம் அழைத்துப் போனார். "நான் முழுக்க முழுக்க உங்கள் பக்கம். ஆனால் ஒருவருக்கு மட்டும் சலுகை காட்டினால் சந்தை சிதைந்துவிடும். உலகம் முழுக்கத் திறக்கும்போது உங்களுக்கும் திறக்கும். அதுவரை நீங்கள் நன்றாகக் கஷ்டப்பட வேண்டும். நாலாவது தொகுதிக்கு அது மிகவும் உதவும்."

வீட்டுக்கு வில்லையோடு வந்தேன். மனைவி அதைப் படித்தாள். என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். "ஜிப்பு வாங்கப் போனவரு ஜிப்பா வந்து நிக்கறீங்களே" என்றாள். குழந்தைத் தொழில் என்று அவர்கள் சொன்னதையும் உளறிவிட்டேன். அன்றிலிருந்து சாப்பாட்டு வேளையில் தன் தம்பியிடம், "குழந்தை சாப்பிட்டுச்சான்னு கேளுடா" என்பாள்.

அதற்குப் பிறகு வாரியக் கூட்டங்களில் எனக்கும் ஒரு நாற்காலி போட்டார்கள். மெத்தை வைத்தது. தேநீரும் பிஸ்கட்டும் வரும். நான் பேச வேண்டியதில்லை, பாதுகாக்கப்பட்டபடி உட்கார்ந்திருந்தால் போதும். ஒருநாள் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று, சுதந்திர வணிகம் பேசும் நிபுணர் ஒருவரைக் குறைந்த சம்பளத்தில் அனுப்புகிறோம் என்று எழுதியிருந்தது. திறந்தவாசல் நாற்காலியை விட்டுக் குதித்து எழுந்தார்.

"கருத்து என்பது ஜிப் அல்ல! மலிவான வெளிநாட்டுக் கருத்துகளைக் கொட்டி உள்நாட்டு நிபுணர்களின் வயிற்றில் அடிப்பதா?"

தாழ்ப்பாள் அதை ஆதரித்தார். அவருடைய வாதங்கள் எல்லாமே கடல் கடந்து படித்துவிட்டு வந்தபோது கொண்டுவந்தவை. யாரோ அதை நினைவூட்டினார்கள். "மூலப்பொருள் மட்டும்தான் இறக்குமதி. சத்தம் உள்நாட்டுத் தயாரிப்பு" என்று சமாளித்தார் தாழ்ப்பாள். வெளிநாட்டு நிபுணர்கள்மேல் வரி விதிக்கும் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. இருவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். நானும் கைதட்டினேன். பிஸ்கட் சாப்பிட்ட வாய் சும்மா இருந்தாலும் கை சும்மா இருக்காது.

எனக்கு அந்த நாற்காலி பிடித்துப்போயிருந்தது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் பிடித்துப்போயிருந்தது. காலையில் வில்லையைத் துடைத்துக் குத்திக்கொண்டு கிளம்புவேன். ஒருநாள் மனைவி வாசலை மறித்தாள்.

"மிஷின் ஓடலை. அந்த ரெண்டு பொண்ணுங்களும் நாளைக்கு வேற இடம் பார்க்கட்டுமான்னு கேக்குதுங்க. நான் என்ன சொல்லட்டும்? எங்க முதலாளி தொழிலா உட்கார்ந்திருக்காரு, அதனால தொழில் நடக்கலைன்னு சொல்லட்டுமா?"

 வில்லையைக் கழற்றிவிட்டு வெட்டுமேசையில் போய் உட்கார்ந்தேன். வாய் பிளந்தபடி புத்தகப் பைகள் சுவரோரம் அடுக்கிக் கிடந்தன. 

அன்று மதியம் மனைவி கடைத்தெருவுக்குப் போய் ஒரு வெளிநாட்டுப் பை வாங்கி வந்தாள். மேசைமேல் போட்டாள். பிளேடை எடுத்தாள். ஓரத்துத் தையலை இரண்டே இழுப்பில் பிரித்து, ஜிப்பை முழுசாக உருவிக் கையில் தொங்கவிட்டுக் காட்டினாள்.

"இந்தப் பை என்ன விலை தெரியுமா? தனி ஜிப்பு விலையில பாதி."

"எப்படி?"

"ஜிப்புக்குத்தானே வரி. பைக்கு இல்லையே. பையில தைச்சு அனுப்பினா ஜிப்பு சும்மா வருது. துணி வெறும் காகிதம். ஆனா ஜிப்பு நல்ல ஜிப்பு."

மச்சினன் வாயைப் பிளந்தான். "அக்கா, இது பொருளாதாரம்!"

"போடா, இது கஞ்சத்தனம்" என்றாள்.

வீட்டில் இருந்த பணத்தையெல்லாம் திரட்டி வெளிநாட்டுப் பைகளை மூட்டை மூட்டையாக வாங்கினோம். பெண்கள் இரண்டு பேரும் ஜிப் உருவினார்கள். மச்சினன் நூல் பிசிறு எடுத்தான். நானும் மனைவியும் மிஷினில். மறுபடி அந்த அறையில் மிஷின் ஓடியபோது எனக்குப் பாட வேண்டும்போல இருந்தது. என் குரல் தெரியும் என்பதால் பாடவில்லை.

பாதிப் பைகள் முடிந்த சமயத்தில் வாரியம் வந்தது. தொழில் எப்படி வளர்கிறது என்று பார்க்கத் தலைவரும் இரண்டு நிபுணர்களும் ஒரு புகைப்படக்காரரும் திடுதிப்பென்று உள்ளே நுழைந்தார்கள். மேசைமேல் ஜிப் குவிந்து கிடந்தது. அதை எல்லோரும் பார்த்தார்கள். நிபுணர்கள் ஜிப்பைக் குவியலாகப் பார்த்தது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

"உற்பத்தி!" என்றார் தாழ்ப்பாள். கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். "வரியின் வெற்றி!"

எனக்கு மனசு கேட்கவில்லை. "சார், இது உற்பத்தி இல்லை. வெளிநாட்டுப் பையிலேர்ந்து உருவறோம். அதோ மூட்டை."

"இரும்பை மண்ணிலிருந்து எடுக்கிறோம். அதை உற்பத்தி என்றுதானே சொல்கிறோம்? ஜிப்பைப் பையிலிருந்து எடுக்கிறீர்கள். தன்னடக்கம் வேண்டாம்."

"பைமேல் வரி இல்லாததால்தான் இது சாத்தியமாயிற்று" என்று திறந்தவாசல் முன்னால் வந்தார். "ஆகவே இது சுதந்திர வணிகத்தின் வெற்றி. புகைப்படத்தில் நான் மூட்டைப் பக்கம் நிற்கிறேன்."

ஒருவர் ஜிப் பக்கமும் ஒருவர் மூட்டைப் பக்கமும் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். எங்களைக் கொஞ்சம் ஒதுங்கச் சொன்னார்கள். போகும்போது தலைவர் என் தோளில் கைவைத்தார். "தொழிலுக்கு இப்போது ஏதேனும் அச்சுறுத்தல் உண்டா? தயங்காமல் சொல்லுங்கள்."

இத்தனை நாளில் அவர் என்னிடம் கேட்ட ஒரே நல்ல கேள்வி அது. நானும் மனசில் இருந்ததை அப்படியே சொன்னேன். "பள்ளிக்கூடத்துல வெளிநாட்டுப் பையை வாங்கிடுவாங்களோன்னுதான் சார் பயம்."

மனைவி என் முதுகில் கிள்ளினாள். தோல் போனது, சொல் ஏற்கெனவே போய்விட்டது.

அடுத்த கூட்டத்தில் வெளிநாட்டுப் பைகள்மேல் வரி விதித்தார்கள். பிறந்த குழந்தையைக் காப்பாற்றவாம். திறந்தவாசல் வன்மையாக எதிர்த்து ஐந்தாவது தொகுதியைத் தொடங்கினார். கடைத்தெருவில் ஒரே நாளில் வெளிநாட்டுப் பை காணாமல் போனது. எங்கள் அறையில் பாதிப் பைகளுக்கு ஜிப் இருந்தது, பாதி வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. காப்பாற்றுகிறேன் என்று சொன்னவர்களிடம் நானே கத்தியைக் கொடுத்துக் கழுத்தையும் நீட்டியிருந்தேன்.

மனைவி ஜிப் இல்லாத பைகளை எண்ணத் தொடங்கினாள். 

தலைமையாசிரியை நேரில் வந்தார். முடிந்த பைகளையும் முடியாத பைகளையும் பார்த்தார். "வெளிநாட்டுப் பையும் இப்ப வாங்க முடியாத விலை. உங்களை விட்டா எனக்கு வேற வழி இல்லை. ஆனா பாதிப் பிள்ளைங்களுக்குக் குடுத்துட்டு மீதிப் பிள்ளைங்களை நான் அழவிட மாட்டேன். எல்லாருக்கும் குடுங்க, இல்லைன்னா யாருக்கும் வேணாம். அடுத்த வருஷத்துலேர்ந்து வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

"குடுத்துடுவோம் மேடம்" என்றாள் மனைவி. எப்படி என்று அவளுக்கும் தெரியாது. அவள் அப்படிச் சொல்லும்போது முந்தானையை முறுக்குவாள். முறுக்கிக்கொண்டிருந்தாள்.

பள்ளிக்கூடம் திறப்பதற்குக் கொஞ்ச நாள் முன்னால் வாரியம் ஒரு பெரிய மாநாடு நடத்தியது. 'வரி, சுதந்திர வணிகம், நிபுணர்மேல் நம்பிக்கை' என்பது தலைப்பு. வெற்றி பெற்ற உள்நாட்டுத் தொழில் என்று எனக்கு ஒரு கேடயம் கொடுத்துப் பேசவும் சொல்லியிருந்தார்கள். தொழில் தன் குடும்பத்தோடு வரலாம் என்றார்கள். எனக்குப் போகவே பிடிக்கவில்லை. "போகலாம், நல்ல சாப்பாடாவது கிடைக்கும். அந்தப் பொண்ணுங்களையும் கூட்டிட்டுப் போவோம், பாவம்" என்று மனைவிதான் கிளப்பினாள்.

மண்டப வாசலில் வந்தவர்களுக்கெல்லாம் ஒரு பை கொடுத்தார்கள். தடித்த துணி, முன்னால் நீளமாக ஒரு ஜிப், உள்ளே ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. ஜிப்பை இழுக்கும் ரன்னரில் 'நிபுணரை நம்புவோம்' என்று பொறித்திருந்தது. எல்லாம் வெளிநாட்டில் செய்தவை.

"இதுக்கு வரி இல்லையா?" என்று குமாஸ்தாவிடம் கேட்டேன்.

"இது பையே இல்லையே சார். வாரியம் தீர்மானம் போட்டிருக்கு. இது அறிவுப் பரவல் சாதனம்."

மண்டபத்தில் நடக்க இடைஞ்சல் என்று, பைகளையெல்லாம் பின்பக்கத் திரைக்கு அந்தப்புறம் அடுக்கி வைக்கச் சொன்னார்கள். நூற்றுக்கணக்கான நிபுணர்கள் தங்கள் கட்டுரைகளை உள்ளே போட்டு, ஜிப்பை இழுத்து மூடி அடுக்கிவிட்டு வந்தார்கள். மனைவி அந்தக் குவியலைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். புதுத் துணியை வெட்டுமேசையில் விரித்துவிட்டு எங்கே கத்தரி வைக்கலாம் என்று பார்ப்பாளே, அந்தப் பார்வை.

"நீங்க எவ்வளவு நேரம் பேசணும்?" என்றாள்.

"கொஞ்ச நேரம்."

"நிறைய நேரம் பேசுங்க."

"என்னத்தைப் பேசறது?"

"இத்தனை நாளா அங்க உட்கார்ந்து என்ன கேட்டீங்களோ, அதையே பேசுங்க. யாரும் பின்னால திரும்பக் கூடாது."

நூல் வெட்ட எப்போதும் கூடவே வைத்திருக்கும் பிளேடுகளோடு அவளும் தம்பியும் பெண்கள் இருவரும் திரைக்குப் பின்னால் போனார்கள். மேடையில் என் பெயருக்குப் பதில் தொழிலின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். கேடயத்தைக் கையில் கொடுத்தார்கள்.  மண்டபத்தின் பின்கோடியில் முதல் தையல் பிரியும் சத்தம் லேசாகக் கேட்டது. ஒலிபெருக்கியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"பெரியோர்களே! ஒரு பக்கம் பார்த்தால் கதவை மூட வேண்டும்" என்றேன்.

மண்டபத்தின் இடப்பாதி கைதட்டியது.

"மறுபக்கம் பார்த்தால் கதவைத் திறக்க வேண்டும்."

வலப்பாதி கைதட்டியது. அந்தச் சத்தத்தில் இன்னும் சில தையல்கள் பிரிந்தன. எனக்குச் சூட்சுமம் புரிந்துவிட்டது.

"குறுகிய காலத்தில் எல்லோரும் கஷ்டப்படுவார்கள். நீண்ட காலத்தில் அந்தக் கஷ்டம் பழகிவிடும். பழகிய கஷ்டத்தைக் கஷ்டத்தில் சேர்க்கலாமா என்பது வேறொரு துறையின் கேள்வி!"

இரண்டு பாதியும் சேர்ந்து கைதட்டியது. நான் நிறுத்தவில்லை. நாம் முன்பு சொன்னது நடக்கவில்லை என்றால் அது நிகழ்வின் தவறு என்றேன். நடந்துவிட்டால் அது நம் தொலைநோக்கு என்றேன். எதுவுமே சொல்லாதபோது ஏதாவது நடந்தால் அதை இப்போது சொல்லலாம் என்றேன். பின்னால் யாரோ தும்மினார்கள், மச்சினன்தான். முன்வரிசையில் ஒருவர் பின்னால் திரும்பப் போனார். "ஆனால்!" என்று கத்தினேன். அந்தச் சொல்லைக் கேட்டால் எந்த நிபுணரும் திரும்ப மாட்டார் என்று கூட்டங்களில் கவனித்திருந்தேன். எல்லோரும் பேனாவைத் திறந்தார்கள். ஆனாலுக்குப் பின்னால் என்ன சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை. அவர்கள் எழுதிக்கொண்டார்கள்.

திரையை விலக்கிக்கொண்டு மனைவி வெளியே வந்து கையை உயர்த்தியபோதுதான் முடித்தேன். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். தாழ்ப்பாளும் திறந்தவாசலும் இரண்டு பக்கமும் வந்து என்னைக் கட்டிக்கொண்டார்கள். நான் தன் கட்சிதான் என்பது அவரவருக்கு அன்றுதான் உறுதியாயிற்றாம். வெளியூர் நிபுணர் ஒருவர் எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்டார். தலைவர் முதன்முதலாக ஒரு கருத்துச் சொன்னார்: "அருமை."

உருவிய ஜிப்பையெல்லாம் மூட்டையாகக் கட்டிக்கொண்டு நாங்கள் சாப்பிடாமலே கிளம்பிவிட்டோம். நிபுணர்கள் தங்கள் பைகளைத் தூக்கிக்கொண்டு படி இறங்கியது நாங்கள் தெருமுனை திரும்பும்போது தெரிந்தது. வாய் திறந்த பைகளிலிருந்து கட்டுரைகள் கொட்டிக் காற்றில் பறந்தன. வரி வேண்டும் என்ற கட்டுரையும் வேண்டாம் என்ற கட்டுரையும் படியெங்கும் கலந்து கிடந்தன. கைக்கு வந்ததை அள்ளிக்கொண்டு போனார்கள். மறுநாள் இரண்டாவது அமர்வில் அவரவர் கையில் இருந்ததைப் படித்தார்களாம். யாரும் வித்தியாசம் கண்டுபிடிக்கவில்லை என்று குமாஸ்தா பிறகு சொன்னார். ஜிப் காணாமல் போனதற்கும் வாரியம் விளக்கம் வைத்திருந்தது. வெளிநாட்டு ஜிப் தரமற்றது, தானாகவே உதிர்ந்துவிடும், ஆகவே வரியை இரட்டிப்பாக்க வேண்டும்.

எனக்கு அதையெல்லாம் கேட்க நேரமில்லை. நாங்கள் ஐந்து பேரும் குனிந்த தலை நிமிராமல் தைத்துக்கொண்டிருந்தோம். பித்தளை வில்லையைக் குமாஸ்தாவிடமே கொடுத்தனுப்பிவிட்டேன். அந்தத் தொழிலுக்கு இப்போது ஆள் இல்லை, விருப்பமுள்ளவர்கள் விண்ணப்பிக்கலாம்.

பள்ளிக்கூடம் திறந்த அன்று காலை, பைகளை வண்டியிலிருந்து இறக்கி வரிசையாக அடுக்கினோம். ஒன்றுகூடக் குறையவில்லை. பிள்ளைகள் வராந்தாவில் முண்டியடித்துக்கொண்டு நின்றார்கள்.  தலைமையாசிரியை ஒரு பையைத் தூக்கி வாரை இழுத்துப் பார்த்தார், அடித்தையலைத் தடவிப் பார்த்தார். அப்புறம் ரன்னரைத் தன் மூக்குக்கண்ணாடிக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பொறித்திருந்ததைப் படித்தார்.

"நிபுணரை நம்புவோம்னு போட்டிருக்கே. நம்பலாமா?"

நான் வாயைத் திறந்தேன். மேடையில் பேசிய பழக்கம், 'ஒரு பக்கம் பார்த்தால்' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மனைவி முந்திக்கொண்டாள்.

"எழுதியிருக்கறதை விடுங்க மேடம். இழுத்துப் பாருங்க."

இழுத்துப் பார்த்தார். ஓடியது. அடுத்த வருஷ ஆர்டரை அங்கேயே நின்றபடி சொன்னார்.